விழாத வீடு

விடியுமுன்னே களத்தில் மண் மிதிபடத் தொடங்கிவிடும். முந்தின மாலை வெட்டிப்போட்டு, ஆற்றுத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த களிமண். இரவெல்லாம் குளிரைக் குடித்துக் கிடந்துவிட்டு, கால் வைத்ததும் முழங்கால்வரை கடிக்கும். பெரியவள் உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கினாள். ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை ஊன்றி, பிடுங்கி ஊன்றி, கட்டியெல்லாம் கரைந்து வெண்ணெயாகும்வரை மிதிக்க வேண்டும். அப்புறம் குந்தி உட்கார்ந்து கல் அறுக்க வேண்டும். ஒரு உருண்டை மண்ணைக் கிள்ளி, மணலில் புரட்டி, அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே பிதுங்கியதை உள்ளங்கையால் வழித்து, அச்சைக் கவிழ்த்து உருவினால் ஒரு பச்சைக் கல். அப்படியே வரிசை வரிசையாக. வெயில் ஏறுவதற்குள் முதுகு இரண்டாக மடிந்து, மடிந்தபடியே இறுகிவிடும்.

களத்துக்கு அந்தப் பக்கம் சூளை புகைந்துகொண்டிருந்தது. அதன் வாய்களுக்குத் தீனி போடுகிறவன் பெரியவளின் கணவன். தீக்காரன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஆறு. களத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில், கரையை ஒட்டி, சூளைத் தொழிலாளிகளின் மண் வீடுகள்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆறு அந்த வீடுகளுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகும். முன்பெல்லாம் வாசலோடு திரும்பிவிடும். சூளை முதலாளி கரை மண்ணையே வெட்டிக் கல்லாக்க ஆரம்பித்த பிறகு அடுப்புவரை வந்தது. போன மழைக்காலத்தில் பரணை எட்டிப் பார்த்தது. கரையை வெட்டியது தொழிலாளிகளின் கைதான். வெட்டச் சொன்ன வாய் வேறு.

அன்று பெரியவள் மண்ணைப் பார்த்து மிதிக்கவில்லை. மேட்டைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தாள். மேட்டில் புது வீடுகள் இரண்டு வரிசையாக நின்றன. முன்வரிசையில் விளக்குகள் எரிந்தன. பின்வரிசை பூட்டிக் கிடந்தது. முன்வரிசையின் ஓரத்து வீட்டுக் கதவு திறந்தது. சின்னவள் இறங்கி வந்தாள். காலில் செருப்பு. செருப்புக்கு மேலே சேறு படாத கணுக்கால். பெரியவளின் கண் அந்தக் கணுக்காலில் போய் ஒட்டிக்கொண்டது.

சின்னவள் அவளுக்கு ஓரகத்தி. தீக்காரனின் தம்பி பெண்டாட்டி. தம்பி, சூளையின் டிராக்டரை ஓட்டும் வண்டிக்காரன்.

போன மழைக்காலம்வரை இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு தட்டியை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தன. இந்தப் பக்கம் உப்புத் தீர்ந்தால் தட்டிக்கு மேலே கையை நீட்டினால் போதும். ஒருத்தி பிள்ளை இருமினால் மற்றவள் தூங்கமாட்டாள். வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தீக்காரன் தன் பக்கத்துச் சுவருக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்தான். உடைந்த செங்கல்லைப் பொறுக்கிவந்து சுவரடியில் அண்டக்கொடுத்தான். பெரியவள் பக்கத்தில் நின்று சேறு குழைத்துக் கொடுத்தாள். வண்டிக்காரனோ, "பாத்துக்கலாம் அண்ணே, ஆறு என்ன நமக்குப் புதுசா?" என்று படுத்துக்கொண்டான். ஆறு வந்தது. அண்ணன் சுவர் நின்றது. தம்பி சுவர் சரிந்தது. தண்ணீர் வடியும்வரை சின்னவள் குடும்பம் பெரியவள் வீட்டுப் பரணில்தான் கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் அரசாங்க வீட்டு ஆபீசிலிருந்து அதிகாரி வந்தார். விழுந்த வீடுகளுக்கு மேட்டில் முன்வரிசை என்றார். நிற்கிற வீடுகளுக்குப் பின்வரிசை, அது பிறகு என்றார்.

"அவ வீடு விழுந்துச்சுன்னு அவளுக்கு வீடு. என் வீட்டை விழாமப் பாத்துக்கிட்டேன்னு எனக்குத் தண்டனை. நல்லா இருக்குய்யா நியாயம்! உன்னை யாரு முட்டுக்கொடுக்கச் சொன்னது?" என்று பெரியவள் தீக்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

தீக்காரனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"பிறகு" என்ற சொல்லுக்கு வயிறு பெரிது. வெயில் காலம் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. பின்வரிசை வீடுகளின் சுவர் பூசி, கூரை வேய்ந்து, கதவு மாட்டி, பூட்டும் போட்டாயிற்று. சாவியைக் கேட்டால் கரண்டுக் கம்பி இழுக்கவில்லை என்றார்கள், பாதை போடவில்லை என்றார்கள். இதற்குள் முதலாளி மேட்டுக்குப் போனவர்களைக் களத்திலிருந்து எடுத்து, பாதையோரத்தில் லாரிக்குக் கல் ஏற்றும் வேலைக்கு மாற்றிவிட்டார். அதுவரை ஒரே மண்ணை மிதித்தவர்கள் இப்போது தூரத்திலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு சரி. தூரத்திலிருந்து பார்த்தால் அடுத்தவன் வேலை எப்போதும் லேசாகத்தான் தெரியும்.

"நின்னுக்கிட்டே செய்யிற வேலை" என்றாள் பெரியவள், பக்கத்தில் கல் அறுத்தவளிடம். "காலு காஞ்ச வேலை. மகராசி."

பக்கத்திலிருந்தவளுக்கு முந்திரி என்று பட்டப்பெயர். யார் என்ன கேட்டாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு பதில் சொல்வாள்.

"நேத்து உன் ஓரகத்தி குடை வாங்கியிருக்கா" என்றாள் முந்திரி. "பூப்போட்டது."

"குடை எதுக்கு அவளுக்கு? அதான் வீடு இருக்கே!"

முந்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. மண்ணை அச்சுக்குள் அடித்த அடியில் அச்சே விரிந்துவிடும்போல இருந்தது.

பெரியவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கரைக்கு வருவதில்லை, நேரே மேட்டுக்குப் போய்விடுவாள். "சித்தி வீட்டுல தரை காஞ்சிருக்கும்மா. புத்தகத்தைக் கீழ வைக்கலாம்" என்றாள். கேட்டவளுக்கு வயிற்றுக்குள் யாரோ சூளை அடுக்கித் தீ வைத்தமாதிரி இருந்தது. பெற்ற பிள்ளை தரை பார்த்துத் தாய்வீடு தேடுகிறதே என்று நினைத்தாள். பிள்ளை சொன்னதில் தப்பில்லை என்பதும் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் கூடியது.

ஒரு சாயங்காலம் மகளைக் கூப்பிடும் சாக்கில் அவளே மேடேறிப் போனாள். சின்னவள் வீட்டில் இல்லை. குழாயடிக்குப் போயிருந்தாள். மகள் தரையில் குப்புறப்படுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் வாசலில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். துடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துடைத்தாள். சுவரில் கையை வைத்தாள். கரை வீட்டுச் சுவர் கோடையிலும் வியர்க்கும். விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். இந்தச் சுவர் மாவு தடவியதுபோல் காய்ந்திருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். 'டக்' என்று விழுந்தது. திறந்து இன்னொரு தடவை தள்ளினாள். அதே சத்தம். ஜன்னல் வழியே காற்று வந்தது. அந்தக் காற்றில் ஆற்றின் வாடை இல்லை.

அவள் குறை தேட ஆரம்பித்தாள். மூலைகளைப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். கடைசியில் கதவுக்குப் பின்னால், பூச்சில் முடியிழை மாதிரி ஒரு விரிசல் கிடைத்தது. நகத்தால் அதன் நீளத்தைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு மனசு நிறைந்தது.

"என்னம்மா பாக்குற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள். குரலில் இருந்த சந்தோஷம் மகளுக்குப் புரியவில்லை.

கொஞ்ச நாளில் வானம் மேற்கே கருக்கத் தொடங்கியது. மழைக்கு முந்தின கடைசிச் சூளைக்குத் தீ வைத்தாயிற்று. களம் முழுக்கப் பச்சைக் கல் காய்ந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் முதலாளி களத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. சேற்றில் இறங்காமல் பலகைமேலேயே நின்றார். சிரித்த முகம். அவர் சிரித்தால் கூலியில் கைவைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"கல்லுக்கு விலை இல்ல. இந்த வாரத்திலேருந்து அறுப்புக்கூலி குறையும். நானும் என்ன செய்யிறது, நீங்களும் என்ன செய்யிறது?" என்றார்.

முந்திரி முந்திக்கொண்டாள். "நீங்க என்ன செய்யிறதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க வேலையை நிறுத்தலாமில்ல?"

"நிறுத்து. தாராளமா நிறுத்து. மேட்டு வீட்டுக்காரங்க குறைச்ச கூலிக்கு ஒத்துக்கிட்டாங்க. ஏத்துக்கூலி, அறுப்புக்கூலி ரெண்டுக்கும். நீங்க எந்திரிச்சா அவங்க வந்து குந்திக்குவாங்க."

எல்லார் தலையும் மேட்டுப்பக்கம் திரும்பியது.

"அப்போ பின்வரிசை வீடு?" என்று கேட்டாள் பெரியவள். "அது எப்போங்க திறப்பாங்க?"

"அதை என்கிட்ட கேக்காதம்மா. உன் ஓரகத்தியைக் கேளு. மேட்டுல தண்ணி பத்தல, இனி யாரையும் ஏத்தாதீங்கன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருக்கா. உள்ள போனவன் கதவைச் சாத்துவான், உலக வழக்கம்தான?"

அவர் பலகையில் நடந்து போய்விட்டார். பெரியவள் கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கைவரை சேற்றோடு மேடேறினாள். பின்னாலேயே முந்திரி. அவளுக்குப் பின்னால் கரைப் பெண்கள் பாதிப்பேர், சண்டை பார்க்க.

சின்னவள் குழாயடியில் நின்றிருந்தாள். மேட்டுக்கே அந்த ஒரு குழாய். நூல் மாதிரி ஒழுகியது.

"ஏண்டி!" என்றாள் பெரியவள். "என் பரணுல படுத்துத்தானடி உயிரோட இருக்க? என் வயித்துல அடிக்க எப்படிடி மனசு வந்துச்சு?"

சின்னவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். அவளும் எதற்கோ காத்திருந்தவள்மாதிரிதான் இருந்தாள்.

"யாரு யாரு வயித்துல அடிச்சா? நீங்கதான் அடிச்சிங்க! வீட்டு வாசல்ல வேலை, நிழல்ல குந்திக்கிட்டு வேலை, நடுவுல போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு வரலாம். எனக்கு? பாருங்க!" கைகளை விரித்து நீட்டினாள். சுட்ட கல்லின் விளிம்பு கிழித்த கைகள். விரல் நுனிகளில் தோலே இல்லை, ரோஜா நிறத்தில் பளபளத்தன. "பத்துக் கல்லைத் தலையில வச்சுக்கிட்டு லாரிப்பலகை ஏறுறேன். இருமினா செவப்பா வருது. தூசியா ரத்தமான்னு பாக்கப் பயந்து துப்பிட்டுத் திரும்பிக்கிறேன். இந்த லட்சணத்துல கூலியைக் குறைக்க நீங்க ஒத்துக்கிட்டீங்களாம்!"

"நாங்க ஒத்துக்கிட்டோமா? நீங்கதானடி ஒத்துக்கிட்டிங்க!"

"யார் சொன்னது?"

"முதலாளி."

"எங்ககிட்டயும் அவருதான் சொன்னாரு. காலையில. கரைக்காரங்க சரின்னுட்டாங்க, நீங்க மாட்டேன்னா அவங்க வந்து ஏத்துவாங்கன்னு."

முந்திரி முதன்முதலாக வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டாள்.

பெரியவளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. "சரி, கூலி அவர் பொய். வீடு? தண்ணி பத்தாது, ஆளை ஏத்தாதீங்கன்னு சொன்னியாமே, அதுவும் பொய்யா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். பொய் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"இல்லக்கா. அது நான் சொன்னதுதான்" என்றாள். "ஒத்தைக் குழாய். ரெண்டு குடத்துக்கு அரை நாள் நிக்கிறேன். இன்னொரு வரிசையும் வந்தா என்ன ஆகும்னு பயமா இருந்துச்சு. அதிகாரி வந்தப்போ வாயில வந்துடுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா எனக்குன்னு ஒரு கதவு. அதைச் சாத்தி வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு."

பெரியவள் கை ஓங்கினாள். சேறு காய்ந்து வெடித்த கை. ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்றைக்குத் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிக் கேட்ட சத்தம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கதவு கிடைச்சா நானும் சாத்தித்தான் பாத்திருப்பேன்" என்றாள். பிறகு, "உன் கதவுக்குப் பின்னாடி விரிசல் இருக்கு, தெரியுமா?" என்றாள்.

"தெரியும்" என்றாள் சின்னவள். "நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் கதவை எப்பவும் திறந்தே வச்சிருப்பேன்."

முந்திரிதான் முதலில் சிரித்தாள். பிறகு குழாயடியே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது பெண்கள் யாரும் கலைந்து போகவில்லை. முதலாளி எதற்காகப் பொய் சொன்னார், பின்வரிசைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பேச்சு நகர்ந்தது. வேலை விட்டு வந்த ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். வண்டிக்காரன் தலையைச் சொறிந்தபடி ஒரு விஷயத்தைச் சொன்னான்: சூளைக்கு எரிக்க வாங்கும் உமி மூட்டைகளை அவன் டிராக்டரில் ஏற்றிவந்து இறக்குவது அந்தப் பூட்டிய வீடுகளில்தான்.

"இத்தனை நாளா ஏண்டா சொல்லல?" என்றான் தீக்காரன்.

"நீங்க யாரும் என்கூடப் பேசலையே, அண்ணே."

மறுநாள் இரண்டு பக்கத்துத் தொழிலாளிகளும் குறைத்த கூலிக்கு வேலை செய்யமாட்டோம் என்று சேர்ந்தே சொன்னார்கள். தீக்காரன் மட்டும் சூளையடியில் இருந்தான். தீ வைத்த சூளையை நடுவில் விட்டால் உள்ளே இருக்கிற கல்லோடு அத்தனை பேரின் உழைப்பும் பாழாகும் என்று அவர்களே அவனை அனுப்பிவைத்தார்கள். மற்றவர்கள் வீட்டு ஆபீசுக்கு நடந்தார்கள். அதிகாரி கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடுகள் தயார்தான், கல் கொடுத்து வீடு கட்டும் காண்டிராக்டை எடுத்தவர் சூளை முதலாளி என்பதால் சாவி பாதுகாப்புக்காக அவரிடம் இருக்கிறது என்றார். மழை பெய்தால் பச்சைக் கல்லை மூட ஆள் பக்கத்தில் வேண்டும், ஆகையால் கரைக் குடும்பங்களை இந்தப் பருவம் முடிந்து நகர்த்தலாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டாராம். போதாததற்கு மேட்டிலிருந்தே தண்ணீர் பற்றாக்குறை என்று புகார் வந்ததாம்.

"அதைச் சொன்னது நான்தாங்க" என்று சின்னவள் முன்னால் வந்தாள். "பத்தாதது தண்ணி. அதுக்கு இன்னொரு குழாய் போடணும். ஆளைக் குறைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன்."

"சரிம்மா, மேலே எழுதிக் கேக்கிறேன். பொறுமையா இருங்க" என்றார் அதிகாரி.

ஆற்றுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஆபீசுக்குப் போய்வந்த இரண்டாம் நாள் விடியலில் மழை கூரையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. மலைப்பக்கம் அதற்கு முன்பே கொட்டியிருக்க வேண்டும். பெரியவள் எழுந்து காலைக் கீழே வைத்தபோது தரை இல்லை. கணுக்கால் மட்டும் தண்ணீர். அடுப்புச் சாம்பல் மிதந்து வந்து காலைச் சுற்றியது. வெளியே காவல்காரனின் விசில் விடாமல் ஊதியது. அது மனிதர்களை எழுப்பும் விசில் அல்ல. களத்துக் கல்லை மூட வரச்சொல்லும் விசில்.

பழக்கதோஷம்! பெரியவளின் கால்கள் களத்துக்குத்தான் ஓடின. தார்ப்பாயின் ஒரு நுனியை அவள் பிடித்தாள், மறு நுனியை முந்திரி பிடித்தாள். தார்ப்பாய் காற்றில் உப்பியது. இழுத்து இழுத்துக் கல் வரிசைமேல் போர்த்தும்போதுதான், வாசலில் முட்டளவுத் தண்ணீரில் மகள் புத்தகப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

பெரியவள் தார்ப்பாயை விட்டாள்.

"விட்டுட்டியா?" என்று மழைக்கு மேலே கத்தினாள் முந்திரி.

"விட்டுட்டேன்!"

முந்திரியும் விட்டாள். களம் முழுக்கத் தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் பறந்தன. அவர்கள் வீடுகளுக்குத் திரும்பி ஓடி, சட்டிபானை, துணிமூட்டை, கைக்குழந்தை, படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவர் என்று அள்ளத் தொடங்கினார்கள். அப்போது மேட்டிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. வண்டிக்காரன் முதலாளியின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்தான். பின்னால் கோத்த தொட்டியில் செங்கல் இல்லை. சின்னவளும் மேட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். குதித்து இறங்கிய வேகத்தில் சின்னவளின் ஒரு செருப்பை ஆறு கொண்டுபோனது. அவள் மற்றதையும் உதறிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் கிழவரின் கட்டிலுக்குத் தோள்கொடுத்தாள்.

பின்வரிசைக்கு முன்னால் அவர்கள் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றபோது முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"என் களம் கரையுது. இங்க என்ன வேடிக்கை?" என்றார். "டிராக்டரை எவன்டா எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் எடுத்தேன்" என்றான் வண்டிக்காரன்.

"அப்போ வேலையும் உனக்கு நானாத்தான் இல்லேன்னு சொல்றேன்."

"எங்க எல்லாருக்கும் சேத்து ஒரேயடியாச் சொல்லிடுங்க" என்றாள் முந்திரி. "உங்களுக்கும் வாய் வலிக்காது."

"சாவியைக் கொடுங்க" என்றாள் பெரியவள்.

முதலாளி அவளைப் பார்த்தார். பழைய சிரிப்பு திரும்பி வந்தது. "உன் வீடுதான் விழலையேம்மா? இங்கேருந்து பாத்தாலே தெரியுது, ஜம்முனு நிக்குது. விதி என்ன? விழுந்த வீட்டுக்குத்தான் வீடு."

பெரியவள் திரும்பிக் கீழே பார்த்தாள். உண்மைதான். கூரை வரை தண்ணீருக்குள் அவள் வீடு நின்றுகொண்டிருந்தது.

"அது விழுறவரைக்கும் நான் உள்ள இருக்கணுமா?" என்று கேட்டாள். "வீட்டை நிக்கவச்சது என் புருஷன் கை. ஆத்தங்கரையைச் சாய்ச்சது உங்க கல்லு. எங்களை அங்கேயே காவலுக்கு வச்சிங்களே, எதுக்கு? களத்துல கல்லு நனையக் கூடாது. இதோ, இந்த வீட்டுக்குள்ள உமி நனையக் கூடாது. எங்க பிள்ளைங்க நனையலாம், இல்லையா?"

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க" என்றாள் சின்னவள். "வந்ததும் முதல்ல உமியைத்தான் காட்டுவோம். அரசாங்க வீட்டுல யாரு குடியிருக்கான்னு அவங்களும் பாக்கட்டும்."

அப்போது கூட்டம் விலகியது. தீக்காரன் வந்தான். முகமெல்லாம் கரி, மழையில் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. கையில் தீ கிளறும் நீண்ட கம்பி. அவனை வெளிச்சத்தில் பார்த்தவர்கள் குறைவு. தீ எரியும் நாளில், பகலில் சூளையை விட்டு அவன் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தீ?" என்று பதறினார் முதலாளி. "தீயை யார் பாக்குறா?"

"தண்ணி பாத்துக்கிச்சுங்க" என்றான் தீக்காரன். "சூளை வாய்க்கு ஆறு வந்துடுச்சு. கரை இருந்திருந்தா வந்திருக்காது."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. உள்ளே வெந்துகொண்டிருந்தது அவர்கள் எல்லாருடைய முதுகும்தானே. பிறகு அவன் கம்பியைப் பூட்டுக்குள் நுழைத்தான். முதலாளி குறுக்கே ஒரு அடி வைத்தார். மேட்டுக்காரர்களும் கரைக்காரர்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். முதலாளி வைத்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பூட்டுத் தெறித்து விழுந்தது. அடுத்தடுத்த வீட்டுப் பூட்டுகளும் விழுந்தன.

உள்ளே சுவரோரம் உமி மூட்டைகள். காய்ந்து கதகதவென்று இருந்தன. இளவட்டங்கள் இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கி மழையில் எறியப் போனார்கள்.

"எறியாதே!" என்றாள் பெரியவள். "அது என்ன பாவம் செஞ்சது? கடைசி வீட்டுல அடுக்குங்க. நாளைக்கு யாரும் நம்மளைத் திருடன்னு சொல்லக் கூடாது."

கையோடு கை சேர்த்து வரிசையாக நின்று மூட்டைகளை நகர்த்தினார்கள். கல் அறுத்த கையிலிருந்து கல் ஏற்றிய கைக்கு மூட்டை மாறியது. மத்தியானத்துக்குள் பின்வரிசையில் பிள்ளைகள் உலர்ந்த தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். மேட்டுக்காரர்களின் அடுப்புகளில் பெரிய பானைகள் ஏறின. குழாய் அதே நூலாகத்தான் ஒழுகியது. சின்னவள் அங்கே நின்று, யாருக்கும் முந்தாமல் யாரையும் முந்தவிடாமல், பகிர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கேயும் இரண்டு பேர் குடத்துக்குச் சண்டை போட்டார்கள். போடத்தான் செய்வார்கள்.

பெரியவள் தனக்கென்று கிடைத்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். உடனே சின்னவளைக் கூப்பிட்டாள்.

"உன் வீட்டு ஜன்னலுக்கு ரெண்டு கதவு. எனக்கு ஒண்ணுதான் வச்சிருக்கான், பாத்தியா?"

"உங்க கூரை என் கூரையை விட உசரம்க்கா. நான் ஏதாவது சொன்னேனா?"

அப்போது முந்திரி ஓடிவந்தாள். கீழே பாதையில், சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஒரு ஜீப் மேடேறி வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. முன்னதில் அதிகாரி இருந்தார், பக்கத்தில் முதலாளி. பின்னதில் காக்கித் தொப்பிகள் தெரிந்தன.

யாரும் கூப்பிடாமலே எல்லாரும் வெளியே வந்தார்கள். முன்வரிசை வீடுகளிலிருந்தும் பின்வரிசை வீடுகளிலிருந்தும் வந்து, பாதை முடியும் இடத்தில் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். இரண்டு வரிசை அங்கே ஒன்றாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது, சூளை அணைந்துவிட்டது, வீடு இன்னும் அவர்கள் பெயரில் இல்லை. யாருக்கும் அது மறக்கவில்லை. இருந்தும் யாரும் நகரவில்லை.

சின்னவள் வெறுங்காலோடு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். பெரியவள் அவளைத் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஏன் முன்னாடி நிக்கிற? தள்ளு. மூத்தவ நான்."

"ஆபீஸ்ல நான்தானக்கா பேசினேன்?"

"அன்னைக்குப் பேசிட்டல்ல? இன்னைக்கு என் முறை."

சின்னவள் தள்ளிக்கொள்ளவில்லை. பெரியவளும் விடவில்லை. ஜீப் வந்து நின்றபோது இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, பாதையை அடைத்தபடி, பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.